யாரைச் சாராத கலைஞர்?

சங்கரன்கோவிலில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கும் ஜெயசித்ரா, மூன்று வருடத்தில் ஆறு பாட்டுகள் செய்து முடித்திருந்தாள். வரிகள், மெட்டு, குரல் மூன்றும் அவளுடையவை. காலையில் சர்க்கரை பார்க்க வருகிறவர்களின் வரிசை முடிந்து, ரத்தம் எடுத்த கண்ணாடிக் குழாய்கள் எந்திரத்துக்குள் சுற்றிக்கொண்டிருக்கும் நேரத்தில் எழுதுவாள். கணவன் மகாராஜன் விசைத்தறிக் கூடத்தில் மேஸ்திரி. தறி ஓடுகிற சத்தத்தைச் செல்போனில் பதிந்து கொண்டுவந்து கொடுப்பான். அதுதான் அவளுக்குத் தாளம். பக்கத்து வீட்டில் மிக்சி ஓடாத நேரம் பார்த்து, பீரோவுக்குப் பின்னால் போர்வையைத் தொங்கவிட்டுப் பாடிப் பதிவு செய்தாள்.

பாட்டுகளை இணையத்தில் விற்க வேண்டும் என்று நினைத்தபோதுதான் குழப்பம் ஆரம்பமானது. ஒரு தளம் வருடாவருடம் சந்தா கேட்டது. கட்டாவிட்டால் பாட்டை இறக்கிவிடும். இன்னொன்று இலவசம். ஆனால் ஆயிரம் பேர் கேட்டால் ஒரு டீ குடிக்கலாம், வடை கிடையாது. மூன்றாவதில் விலையை நாமே வைக்கலாம், விற்றால் ஒரு பங்கை அவர்கள் எடுத்துக்கொள்வார்கள். ஆனால் அங்கே வருகிற கூட்டம் குறைவு. நான்காவது, பாட்டின் உரிமையை நிரந்தரமாக எழுதிக் கொடுத்தால் முகப்பில் படம் போடுவதாகச் சொன்னது.

அப்போதுதான் மகாராஜன் ராஜபாளையம் சாலையில் ஒரு பலகையைப் பார்த்துவிட்டு வந்தான்.

"உரக்கடைக்கு மேல ஒரு கவர்மெண்டு ஆபீஸ் இருக்கு. சுயாதீன இசைக் கலைஞர் வழிகாட்டு மையமாம். எந்தத் தளத்துல பாட்டு விக்கணும்னு சொல்லுதாங்களாம். இலவசம்."

"நம்ம ஊர்லயா?"

"ரெண்டு வருஷமா இருக்காம். நான் உரம் வாங்குத இடம்னு நெனச்சுட்டேன்."

மறுநாள் அரைநாள் விடுப்பு போட்டுவிட்டு ஜெயசித்ரா போனாள். மையத்தின் தனி அலுவலர் சண்முகையா அவளை எழுந்து நின்று வரவேற்றார். அந்த மாதத்தில் அவள்தான் முதல் ஆள். அவர் முன்பு மீன்துறையில், குஞ்சு வளர்ப்பில் இருபத்திரண்டு வருடம் பணியாற்றியவர். இசைக்கு மாற்றப்பட்டதைப் பற்றி அவருக்கு எந்த வருத்தமும் இல்லை.

"குளத்துல குஞ்ச விடுதோம்னு வைங்க," என்றார். "எந்தக் குளத்துல விடணும்னு குஞ்சா முடிவு பண்ணும்? நாமதான் பண்ணணும். கலைஞர்களும் அப்படித்தான். தானா ஒரு தளத்தத் தேடிப் போயி விழுந்துருதாங்க. அத தடுக்கத்தான் இந்த மையம். ரெண்டு வருஷத்துல ஒரு கலைஞர் கூடத் தப்பான தளத்துக்குப் போனது இல்ல."

"சரியான தளத்துக்கு எத்தன பேரு சார் போயிருக்காங்க?"

"அங்கயும் யாரும் போகல," என்றார் சண்முகையா. "ஆனா தப்பு நடக்கல, பாத்தியளா."

உதவியாளர் பொன்மணி விண்ணப்பப் படிவத்தைக் கொடுத்தாள். பதினோரு பக்கம். பெயர், முகவரி, குரலின் தன்மை, குரல் எப்போதிலிருந்து இருக்கிறது என்றெல்லாம் நிரப்பிக்கொண்டே வந்த ஜெயசித்ரா ஏழாவது கேள்வியில் நின்றாள். 'விண்ணப்பதாரர் யாரைச் சாராத கலைஞர்?'

"நான் யாரையுமே சாரலியே," என்றாள்.

"அப்படி எழுதக் கூடாது மேடம்," என்றாள் பொன்மணி. "யாராவது ஒருத்தரச் சாரலன்னு இருக்கணும். இன்னார் கம்பெனியச் சாரல, இன்னார் குழுவச் சாரல, அப்படி. அவுககிட்ட இருந்து, ஆமா இவுக எங்களச் சாரலன்னு ஒரு சான்று வாங்கி இணைக்கணும்."

"எனக்கு அப்படி யாரையும் தெரியாதே."

"சாராத ஆளத் தெரியாம எப்படி மேடம் சாராம இருப்பிய?"

ஜெயசித்ரா படிவத்தை மடித்து எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

ஊரில் மெல்லிசைக் குழு நடத்தும் குருசாமியைப் போய்ப் பார்த்தாள். அவர் படிவத்தைக் கண்ணாடி போட்டும் கழற்றியும் படித்தார்.

"ஏம்மா, நம்ம குழுவுல இல்லாத ஆளுக்கு இல்லன்னு நான் எப்படி எழுதிக் குடுக்க? ஊர்ல லட்சம் பேரு என் குழுவுல இல்ல. எல்லாரும் வந்து கேட்டா எங்க போவேன்?"

"அப்போ என்ன செய்ய அண்ணாச்சி?"

"சேந்துட்டு வெலகு. வெலகுனதுக்கு எழுதித் தாரேன். அது முறை. ஆனா ஒரு நிகழ்ச்சியாவது பாடியிருக்கணும். சும்மா பேருக்குச் சேத்தேன்னு நாளைக்கு ஒருத்தன் சொல்லிரக்கூடாது."

ஆகவே ஜெயசித்ரா சுயாதீனக் கலைஞர் ஆவதற்காக ஒரு மெல்லிசைக் குழுவில் சேர்ந்தாள். மாசி மாதம் வாசுதேவநல்லூரில் ஒரு காதுகுத்து. அவளுடைய முறை வந்தபோது மின்சாரம் போய்விட்டது. ஜெனரேட்டரும் இழுக்க இழுக்கக் கிளம்பவில்லை. பந்தலில் பாதிப் பேர் சாப்பாட்டுக்கு எழுந்துவிட்டார்கள். குருசாமி, "எதையாச்சும் பாடும்மா, ஆளு கலையுது," என்றார். அவள் தன்னுடைய பாட்டையே எடுத்தாள். மின்தடை நீங்கித் தறிகள் மறுபடி ஓடத் தொடங்குகிற நேரத்தைப் பற்றிய பாட்டு.

'கரண்டு வந்துட்டு, காத்தாடி சுத்துது,
கடியாரம் ஓடுது, நான் மட்டும் நிக்கேன்.'

மைக் இல்லை. கீபோர்டு வாசிக்கும் கடையநல்லூர் நியாஸ் அகமது, செத்துப்போன கீபோர்டை மூடி வைத்துவிட்டு, தறி ஓடுகிற மாதிரி இரும்பு நாற்காலியில் தட்டினார். எழுந்தவர்கள் பந்திக்குப் போகாமல் திரும்பி வந்து நின்றார்கள். பத்து இருபது செல்போன்கள் உயர்ந்தன. பாட்டு முடிந்தும் மின்சாரம் வரவில்லை. இன்னொரு தரம் பாடச் சொன்னார்கள்.

மறுநாள் குருசாமி அவளை முறைப்படி நீக்கினார். "நல்லாப் பாடுதியே, இருந்துட்டுப் போயேன்," என்று ஒரு வார்த்தை சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார்.

சான்று இணைக்கப்பட்டது. விண்ணப்பம் ஏற்கப்பட்டது. 'தளம் தேர்வு செய்தல், பொருட்டு' என்று தலைப்பிட்டுக் கோப்பு திறந்தார்கள். அந்தத் தலைப்பைப் பார்த்ததும் கோப்பு தானாகவே கட்டடப் பிரிவுக்குப் போய்விட்டது. பங்குனி மாத வெயிலில் ஒரு பொறியாளர் அளவு நாடாவோடு அவள் வீட்டுக்கு வந்தார்.

"தளம் எங்க போடணும்?" என்று கேட்டார்.

"இணையத்துல சார்."

"அது எத்தனாவது மாடி?"

ஜெயசித்ரா விளக்கினாள். அவர் பொறுமையாகக் கேட்டார். எல்லாம் புரிந்தது என்றும், ஆனால் தன்னை அனுப்பியது தளம் பார்க்க என்றும், பார்க்காமல் போனால் பயணப்படி கிடைக்காது என்றும் சொன்னார். கடைசியில் மொட்டை மாடிக்கு ஏறி, இருக்கிற தளத்தை அளந்துகொண்டு போனார். 'தளம் நல்ல நிலையில் உள்ளது. வடகிழக்கு மூலையில் லேசான ஒழுகல். இசை விற்பனைக்குத் தடையில்லை' என்று அவர் எழுதிய அறிக்கை கோப்பில் சேர்ந்தது. மையத்தில் அதை ஒரு முன்னேற்றமாகவே கருதினார்கள்.

அடுத்து, மூன்று தளங்களிடம் விலைப்புள்ளி கேட்க வேண்டும் என்பது விதி. வெளிநாட்டு நிறுவனங்கள் நான்குக்குத் தமிழில் பதிவுத் தபால் அனுப்பினார்கள். இரண்டு திரும்பி வந்தன. ஒன்றைப் பற்றித் தகவலே இல்லை. ஒரு நிறுவனத்துக்குப் பொன்மணி மின்னஞ்சலும் அனுப்பியிருந்தாள். அதற்கு, 'உங்கள் செய்தி கிடைத்தது, இது தானியங்கிப் பதில்' என்று ஆங்கிலத்தில் வந்தது.

"பாத்தியளா, இவன் ஒருத்தன்தான் மரியாதை தெரிஞ்சவன்," என்றார் சண்முகையா. அது முதலாவது விலைப்புள்ளியாகப் பதிவு செய்யப்பட்டது.

வைகாசியில் தரக்குழு கூடியது. ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர் ஒருவரும் ஓய்வுபெற்ற தாசில்தார் ஒருவரும் உறுப்பினர்கள். சண்முகையா தலைவர். பாட்டை மூன்று பிரதிகளில் சமர்ப்பிக்க வேண்டும் என்றார்கள். பென் டிரைவை நீட்டினாள். மையத்தில் இருந்த ஒரே கம்ப்யூட்டர் பழுதுபார்க்கப் போயிருந்ததால், மூன்று பிரதிகளையும் நேரில் பாடச் சொன்னார்கள்.

ஜெயசித்ரா பாடினாள். தாசில்தார் அதை அசல் என்று குறித்துக்கொண்டார். மறுபடி பாடினாள். அது இரண்டாம் பிரதி. மூன்றாவது தரம் பாடும்போது தொண்டை வறண்டு, 'நான் மட்டும்' என்ற இடத்தில் சற்று நின்று பாடினாள்.

"இது அசலோட ஒத்துப் போகலியே," என்றார் தாசில்தார்.

"தொண்டை காஞ்சு போச்சு சார்."

"இருக்கட்டும். ஆனா நாளைக்கு ஒருத்தர் காசு குடுத்து வாங்குதாரு. அவருக்கு எந்தப் பிரதி போகும்? அசலா, மூணாவதா? அவரு கோர்ட்டுக்குப் போனா நாங்க என்ன சொல்ல?"

கால்நடை மருத்துவர் அதுவரை கண்ணை மூடிக்கொண்டிருந்தார். "குரல்ல குறை ஒண்ணும் இல்ல. நல்ல ஆரோக்கியமா இருக்கு," என்று கருத்துச் சொன்னார். அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைத்தார்கள்.

அன்று படியிறங்கும்போது ஜெயசித்ராவுக்குக் கோபம் வரவில்லை. அதுதான் தனக்கே பயமாக இருந்தது என்று பிற்பாடு மகாராஜனிடம் சொன்னாள். மூன்றாவது பிரதியை இன்னும் நன்றாகப் பாடியிருக்கலாமோ என்று யோசித்துக்கொண்டுதான் வீடுவரை நடந்திருக்கிறாள்.

ஆடி மாதம் ஒருநாள் மதியம், நியாஸ் அகமதுவிடமிருந்து ஃபோன் வந்தது.

"ஜெயசித்ராம்மா, ஒரு லிங்க் அனுப்பியிருக்கேன். மனசத் தேத்திக்கிட்டுப் பாருங்க."

அவளுடைய பாட்டு. அவளுடைய குரல். வாசுதேவநல்லூர் பந்தலில் யாரோ செல்போனில் பதிந்ததை, நாற்காலித் தட்டலுக்கு மேல் டிரம்ஸ் சேர்த்து, எங்கேயோ இருக்கிற ஒருவர் தன் பெயரில் விற்பனைக்குப் போட்டிருந்தார். நாலு லட்சம் பேர் கேட்டிருந்தார்கள். கீழே ஒருத்தி, 'யார் இந்தக் குரல்?' என்று கேட்டிருந்தாள். 'எங்கள் குழுவின் பாடகி' என்று பதில் போட்டிருந்தது.

ஜெயசித்ரா அன்று இரண்டு பேருக்கு நரம்பு கிடைக்காமல் மறுபடி குத்த வேண்டியதாயிற்று. எட்டு வருடத்தில் அவளுக்கு அப்படி நேர்ந்ததில்லை.

மறுநாளே மையத்திலிருந்து கடிதம் வந்தது. பொன்மணி சுத்தமாகத் தட்டச்சு செய்திருந்தாள்.

'தங்களது விண்ணப்பம் பரிசீலிக்கப்பட்டது. தாங்கள் சமர்ப்பித்த பாடல், ஏற்கெனவே இணையத்தில் விற்பனையில் உள்ள ஒரு பாடலை ஒத்திருப்பது மையத்தின் கவனத்துக்கு வந்துள்ளது. குரலும் வரிகளும் ஒத்துப்போகின்றன. குறிப்பாக மூன்றாம் பிரதியுடன். எனவே மேற்படி கலைஞரிடம் அனுமதிக் கடிதம் பெற்றுச் சமர்ப்பிக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது.'

கடிதத்தோடு நேராகச் சண்முகையாவிடம் போனாள்.

"சார், அது என் பாட்டு."

"இருக்கலாம்மா. நான் இல்லன்னு சொல்லல. மூணு தரம் நானே கேட்டிருக்கேன்."

"பிறகு ஏன் சார் நான் அவருகிட்ட அனுமதி கேக்கணும்?"

"அவருகிட்ட விக்கிறதுக்கு ஆதாரம் இருக்கு. உங்ககிட்ட பாட்டு மட்டும்தான இருக்கு."

"இந்த மையத்துக்கு வராம இருந்திருந்தா நான் எப்பவோ போட்டிருப்பேன்."

"அதத்தான் நாங்களும் யோசிக்கோம்," என்றார் சண்முகையா. அவர் குரலில் கேலி இல்லை. "அந்த ஆளு மையத்தோட உதவி இல்லாமலே சரியான தளத்தக் கண்டுபிடிச்சிருக்காரு. அதனால அவரு பேர ஆண்டறிக்கையில வெற்றிக் கதைன்னு சேத்திருக்கோம். இதுவரைக்கும் அந்தப் பக்கம் காலியாவே போய்க்கிட்டிருந்துது."

ஜெயசித்ரா படியிறங்கினாள். கீழே உரக்கடையில் மூட்டைகளுக்கு நடுவே நின்று அழுதாள். கடைக்காரர் ஒரு ஸ்டூலை எடுத்துப் போட்டு, தண்ணீர் பாட்டிலையும் வைத்தார். அந்தப் படியில் இறங்கி வருகிறவர்களுக்கு அவர் வழக்கமாகச் செய்வதுதான்.

அன்று சாயங்காலம் அவளும் மகாராஜனும் சாப்பாட்டுத் தட்டுகளை ஒதுக்கி வைத்துவிட்டு லேப்டாப்பைத் திறந்தார்கள். நியாஸ் அகமது ஃபோனில் இருந்தார்.

"எந்தத் தளம்னு முடிவு பண்ணிட்டியளா?" என்று கேட்டார்.

"மூணாவது. வெலைய நானே வைக்கிறது."

"அங்கன ஆளு கம்மில்லா. நாலு லட்சம்லாம் வராது."

"வேண்டாம். அந்த நாலு லட்சம் பேருக்கும் நான் யாருன்னு தெரியாது. நூறு பேரு வாங்குனாப் போதும். என் பாட்டுன்னு தெரிஞ்சு வாங்கணும்."

எட்டு மாதமாகக் கேட்க ஆள் இல்லாமல் இருந்த பதில் அது. சொன்ன பிறகு அவளுக்கே லேசாக இருந்தது.

தளத்தில் பெயர் பதிந்து, ஆறு பாட்டுகளையும் ஏற்றி, விலை வைத்து முடிக்க ஐம்பது நிமிடம் ஆனது. அதில் இருபது நிமிடம் அட்டைப்படத்துக்குப் போனது. மகாராஜன் கல்யாண ஃபோட்டோவைப் போடலாம் என்றான். அவள் ஒத்துக்கொள்ளவில்லை. கடைசியில் அவன் வேலை பார்க்கும் தறியின் படத்தைப் போட்டார்கள். அவனுடைய வலது கை மட்டும் அதில் தெரிந்தது. அதில் அவனுக்குத் திருப்தி.

பிறகு, அவள் பாட்டைத் திருடி விற்றுக்கொண்டிருந்த தளத்துக்குப் புகார் எழுதினார்கள். மூன்று வருடத்துக்கு முந்தைய தறிச் சத்தப் பதிவுகள், தப்பும் தவறுமாகப் பாடிப் பார்த்த பதினேழு கோப்புகள், பரிசோதனைச் சீட்டின் பின்பக்கம் எழுதிய வரிகளின் படம் என்று தேதியோடு எல்லாவற்றையும் இணைத்தாள். குருசாமி தானாக ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். அந்தப் பாட்டைப் பந்தலில் பாடியது ஜெயசித்ராதான் என்றும், அன்று மட்டும் அவள் தன்னைச் சார்ந்திருந்தாள் என்றும் அதில் இருந்தது.

ஒன்பது நாள் பதில் இல்லை. ஒவ்வொரு நாளும் கேட்டவர்களின் எண்ணிக்கை ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பத்தாம் நாள் காலை பரிசோதனை நிலையத்தில் வைத்துப் பார்த்தபோது அந்தப் பாட்டு அங்கே இல்லை. மன்னிப்போ விளக்கமோ எதுவும் இல்லை. யாரோ போட்டதை ஏதோ ஓர் எந்திரம் எடுத்திருந்தது. அவள் சத்தமில்லாமல் சிரித்தாள். பிறகு வரிசையில் நின்ற அடுத்த ஆளின் கையில் பட்டையைக் கட்டினாள். நரம்பு முதல் தடவையிலேயே கிடைத்தது.

அவளுடைய பாட்டை முதலில் வாங்கியவர், ராயகிரியிலிருந்து குவைத்துக்குப் போய் வண்டி ஓட்டுகிற ஒருவர். 'பாட்டு நல்லாருக்கு அக்கா. அந்தத் தறிச் சத்தத்த மட்டும் தனியா விப்பியளா? எனக்கு இங்கன தூக்கம் வரல,' என்று எழுதியிருந்தார். மகாராஜன் ஞாயிற்றுக்கிழமை கூடத்துக்குப் போய் ஒரு மணி நேரம் பதிந்துகொண்டு வந்தான். அதை இலவசமாக அனுப்பினாள். புரட்டாசி முடிவதற்குள் எழுபத்து மூன்று பேர் வாங்கியிருந்தார்கள்.

மையத்திலிருந்து பொன்மணி ஒரு தரம் ஃபோன் செய்தாள். விண்ணப்பத்தைத் திரும்பப் பெறுவதாக எழுதிக் கொடுக்க வேண்டுமாம். அதற்குத் தனிப் படிவம், ஆறு பக்கம். "வேண்டாம், அது அங்கயே இருக்கட்டும்," என்றாள் ஜெயசித்ரா. சரி என்று பொன்மணி குறித்துக்கொண்டாள். பிறகு, "அந்த அஞ்சாவது பாட்டு நல்லாருக்கு மேடம்," என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

ஐப்பசியில் ஒருநாள் காலை ஏழு மணிக்குச் சண்முகையா பரிசோதனை நிலையத்துக்கு வந்தார். சர்க்கரை பார்க்க. வரிசையில் முன்னால் விடச் சொல்லவில்லை. தனக்குப் பின்னால் வந்த நாலு பேரை முன்னால் போகச் சொல்லிவிட்டுக் கடைசியாக உட்கார்ந்தார்.

"சாப்பிடாமத்தான வந்திருக்கிய?"

"தண்ணி கூடக் குடிக்கல."

அவள் ஊசியை எடுத்தாள். அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். ரத்தம் எடுத்து, பஞ்சை வைத்து, கையை மடக்கச் சொன்னாள். அவர் எழுந்திருக்கவில்லை. இன்னொரு கையால் பைக்குள்ளிருந்து ஒரு நோட்டை எடுத்து மேஜையில் வைத்தார்.

"பதினாலு பாட்டு இருக்கு," என்றார். "நானே எழுதுனது. மீன்துறையில இருக்கும்போது, வலை இழுத்து முடிக்க வரைக்கும் கரையில சும்மா நிக்கணும்லா. அப்ப வந்தது."

ஜெயசித்ரா நோட்டைப் புரட்டினாள். அவர் குரலைத் தாழ்த்தி ஒரு பாட்டின் நாலு வரியைப் பாடிக் காட்டினார். இருளில் தண்ணீருக்குள் குஞ்சுகளை இறக்கிவிட்டுத் திரும்புகிறவனைப் பற்றிய பாட்டு. நல்ல பாட்டு. அதன் பிறகு அவர்மேல் கோபப்படுவது அவளுக்குக் கஷ்டமாக இருந்தது.

"மையத்துல குடுக்கலாமே சார்?"

சண்முகையா நோட்டை அவள் பக்கமே தள்ளினார். "எனக்குச் சர்வீஸ் இன்னும் நாலு வருஷந்தாம்மா இருக்கு. அதுக்குள்ள கோப்பு முடியுமா?" என்றார்.

வாசலில் வேறு யாரும் இல்லை. எந்திரம் சுற்றிக்கொண்டிருந்தது. ஜெயசித்ரா செல்போனை எடுத்து அந்தத் தளத்தைத் திறந்தாள்.

"கலைஞர் பேருன்னு கேக்குது. சண்முகையான்னு போடட்டுமா?"

"என் பேரு வேண்டாம்மா. அனுமதி இல்லாம மையத்துல உள்ளவங்க எதையும் விக்கக் கூடாது."

"அனுமதி யாருகிட்ட வாங்கணும்?"

"தனி அலுவலர்கிட்ட."

"அது நீங்கதான சார்?"

"நான்தான்."

பஞ்சை அழுத்திப் பிடித்தபடி அவர் யோசித்தார்.

"அவரு குடுக்க மாட்டாரும்மா," என்றார்.